மண் பந்தயமும் டயர் மீது விழும் பழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லடம் வட்டாரத்தில் நடந்த மண்தடக் கார் பந்தயத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த செய்தியைப் படித்தேன். காலைச் சுற்றுகளில் முன்னணியில் இருந்த ஓர் இளைஞர் பிற்பகலில் ஆறாம் இடத்துக்குப் போனதற்கு, 'டயர் காலை வாரிவிட்டது' என்று உங்கள் செய்தியாளர் ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். அந்தக் காரின் டயரைத் தொட்டும் பார்த்தேன். டயர் யாரையும் வாரிவிடவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் சூலூருக்குப் பக்கத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாக டயர் ரீட்ரெடிங் பட்டறை, அதாவது தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டும் பட்டறை, நடத்திவருகிறேன். லாரி டயர்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் என் அக்கா மகனுக்குக் கார் பந்தயப் பித்து பிடித்ததிலிருந்து, பன்னிரண்டு ஆண்டுகளாகப் பல ஞாயிற்றுக்கிழமைகளை மண்தடத்தின் ஓரத்தில் ஜாக்கியோடும் காற்றழுத்தமானியோடும் கழித்திருக்கிறேன். எனவே நான் சொல்வது பொறியாளரின் சொல்லன்று. ரப்பரைக் கையில் உரசிப் பார்த்தவனின் சொல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மண்தடத்தில் டயரைத் தேர்ந்தெடுப்பது கடையில் தொடங்குவதில்லை, மண்ணில் தொடங்குகிறது. நம் வட்டாரத்து உழவர்கள் ஏர் பூட்டுவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர்கிற மண்ணைப் பதமான மண் என்பார்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் காய்ந்துவிட்டது, கையில் அப்பிக்கொண்டால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். பந்தயக்காரருக்கும் இதைவிட நல்ல கருவி கிடையாது. பதமான மண்ணில் டயரின் கட்டைகள், அதாவது நாங்கள் பட்டன் என்று சொல்லும் அந்த ரப்பர் மேடுகள், மண்ணுக்குள் இறங்கிப் பல்லைப் போலக் கடித்துக்கொள்ளும். அப்போது மென்மையான ரப்பரும் அகலமான பள்ளங்களும் உள்ள டயர் சிறப்பாக ஓடும். மண் குளிர்ந்திருப்பதால் ரப்பரும் சூடேறிக் கெடாது.

அதே தடம் பகல் பதினொரு மணிக்கு வேறொரு தடமாகிவிடும். நம் பகுதியின் காற்றைப் பற்றி வெளியூர் ஓட்டுநர்களுக்குத் தெரிவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கிற காற்றுக்காகத்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் நிற்கின்றன. கேத்தனூர்ப் பக்கம் அந்தக் காற்றாலைகளுக்கு இடையிலுள்ள மண் பாதைகளில்தான் கோவை ராலியின் கார்களும் ஓடியிருக்கின்றன. விடியற்காலையில் டேங்கர் லாரியில் தண்ணீர் அடித்து உருளை ஓட்டிப் பதப்படுத்திய தடத்தை அந்தக் காற்று இரண்டு மணி நேரத்தில் உலர்த்திவிடும். அதன் மேல் கார்கள் ஓடஓட, மேல்மண் மாவுபோன்ற புழுதியாகி வளைவின் வெளி ஓரத்தில் குவிய, உட்பாதை சிமெண்டுத் தரையைப் போல இறுகிப் பளபளக்கும். இந்த இறுகிய தரையில் பட்டனுக்கு இறங்க இடமில்லை. பெரிய பட்டன்கள் இங்கே கடிப்பதற்குப் பதிலாக வளைந்து நெளிந்து சூடாகும். சூடான ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பாகிக் கண்ணாடிபோல மின்னும். அதற்குப் பிறகு அந்த டயருக்கும் மொட்டை டயருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நான் அந்த இளைஞரின் காரில் கண்டது இதைத்தான். முன்சக்கர டயர் இரண்டும் மின்னின. காலையில் பதமான மண்ணுக்குப் பூட்டிய அதே மென்மையான டயரை, அதே காற்றழுத்தத்தில், பிற்பகலிலும் ஓட்டியிருக்கிறார்கள். டயர் மாறவில்லை, தரை மாறிவிட்டது.

மண்ணின் வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டில் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணின் நிறம் மாறுகிறது. சரளை கலந்த செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். கற்கள் ரப்பரை அரம்போல் ராவும். சுக்காங்கல் கிடக்கிற இடங்களில் டயரின் பக்கச்சுவர் கிழியும். அங்கே ஒருபடி கடினமான ரப்பரும் தடித்த பக்கச்சுவரும் வேண்டும். கரிசல் மண்ணின் குணமே வேறு. ஈரமானால் உப்பி, டயரின் பள்ளங்களையெல்லாம் அப்பி அடைத்துவிடும். அடைத்த பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயராக இருந்தாலும் அது களிமண் உருளைதான். கரிசலுக்குப் பள்ளங்கள் அகலமாகவும், பக்கவாட்டில் திறந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சுழலும் வேகத்தில் சேறு தானாகத் தெறித்து வெளியேறும். ஐப்பசி மழையில் கரிசல் தடத்தில் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அகலமான டயர் என்றால் பிடிப்பு கூடும் என்ற எண்ணம் நம் பையன்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தார்ச்சாலைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. கெட்டித் தரையின் மேல் சரளை பரவிக் கிடக்கும்போது, குறுகலான டயர் அந்தச் சரளையைப் பிளந்துகொண்டு அடித்தரையைத் தொடுகிறது. அகலமான டயர் சரளையின் மேலேயே மிதந்து வழுக்குகிறது. உலக ராலிப் போட்டிகளில் தார்ச்சாலைக்கு 18 அங்குல ரிம்மில் 235 மில்லிமீட்டர் அகல டயரைப் பூட்டுகிறவர்களே, சரளைப் பாதைக்கு வந்ததும் 15 அங்குல ரிம்மில் 205 மில்லிமீட்டர் டயருக்கு மாறிவிடுகிறார்கள். சிறிய ரிம் என்பதால் பக்கச்சுவர் உயரமாகி, கல்லிலும் குழியிலும் விழும் அடியை அது வாங்கிக்கொள்கிறது. மாருதி 800இல் ஓடத் தொடங்குகிற ஒரு பையன், ரிம்மைப் பெரிதாக்கி அகல டயர் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு அவன் அப்பாவின் பணத்தை நினைத்துத்தான் வருத்தம் வரும்.

இன்னொரு தொல்லை, அமெரிக்க மண்தடக் காணொளிகள். அவை பார்க்க மிக நன்றாக இருக்கின்றன, நானும் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் ஒஹையோவின் எல்டோரா போன்ற தடங்கள் அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டர் நீளமுள்ள நீள்வட்டங்கள். அங்கே கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்புகின்றன. பின் அச்சில் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், வெளிப்பக்கமான வலது பின்சக்கரத்துக்கு வேண்டுமென்றே சுற்றளவு மிகுந்த டயரைப் போடுகிறார்கள். சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் அகலமும், உட்சக்கரம் செல்லும் வளைவின் ஆரம் 40 மீட்டரும் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் மூன்றரை விழுக்காடு அதிக தூரம் ஓட வேண்டும். 190 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள டயரில் அது ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர். டீக்கடையில் உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் இது. நம் ஊர் ஆட்டோகிராஸ் மண்தடங்களோ இடமும் வலமுமாக மாறிமாறி வளைகின்றன. இங்கே ஒரு பக்கம் பெரிய டயரைப் போட்டால், ஒரு வளைவில் கிடைக்கிற ஆதாயத்தை அடுத்த வளைவில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது இதன் நேர் எதிர்: ஒரே அச்சில் பூட்டும் இரண்டு டயரையும் ஒரே அழுத்தத்தில் காற்றடித்து, நடுக்கோட்டில் நாடாவைச் சுற்றி அளந்து, சுற்றளவு ஒத்துப்போகிற சோடியாகச் சேர்க்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய டயர்களிலும் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருப்பதை நான் பலமுறை அளந்து கண்டிருக்கிறேன்.

இனித் தயாரிப்புக்கு வருகிறேன். புதிய டயரை வார்ப்பு அச்சிலிருந்து எடுத்தபடியே தடத்தில் இறக்கக் கூடாது. அதன் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். லேசாக உரசி அந்தத் தோலை எடுத்து, உள்ளே இருக்கும் புது ரப்பரை வெளியே கொண்டுவர வேண்டும். ஓடிச் சூடேறி மின்னுகிற டயருக்கும் இதே வைத்தியம்தான். எங்கள் பஃபிங் என்னும் உரசும் எந்திரத்தில் இது பத்து நிமிட வேலை. ஆனால் லாரி டயரை உரசுகிற கையழுத்தத்தோடு கார் டயரைத் தொட்டால், புது டயரில் இருக்கிற சுமார் 8 மில்லிமீட்டர் பள்ளத்தில் பாதி குப்பைக்குப் போய்விடும்.

அடுத்தது வெட்டு. சூடேற்றிய கத்தியால் பட்டன்களுக்கு நடுவே பள்ளம் எடுப்பது ஒன்று; மெல்லிய தகட்டால் கீறல்கள் இடுவது மற்றொன்று. பள்ளம் எடுத்தால் புதிய ஓரங்கள் பிறக்கின்றன. மண்ணைக் கடிப்பவை அந்த ஓரங்கள்தாம். டயரின் குறுக்கே வெட்டிய ஓரம் காரை முன்னுக்குத் தள்ளவும் பிரேக் பிடிக்கவும் உதவும். சுற்றுவாக்கில் வெட்டிய ஓரம் பக்கவாட்டில் சறுக்காமல் பிடிக்கும். மெல்லிய கீறல்கள் பட்டனை நெகிழச் செய்து ரப்பரைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவரும். இறுகிய தரைக்கு இவை நல்லவை, கற்கள் நிறைந்த தரைக்கு ஆகாதவை. எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. நான்காண்டுகளுக்கு முன் என் அக்கா மகனின் முன்சக்கர டயர் இரண்டையும் நானே வெட்டினேன். வார்ப்பு அச்சில் வந்த பள்ளத்தின் அடிமட்டத்தோடு நிறுத்த வேண்டிய கத்தியை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறக்கிவிட்டேன். இரண்டாம் ஓட்டத்தின் நடுவில் பட்டன்கள் கொத்துக்கொத்தாகப் பிய்ந்து பறந்தன. பையன் காரை ஓரம் கட்டிவிட்டு வந்து, 'ஏனுங் மாமா, வெட்டு கொஞ்சம் ஆழமாப் போயிருச்சுங்ளா?' என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். இருபத்தேழு ஆண்டுத் தொழில் அனுபவத்தை அந்த 'ங்ளா' இறக்கி வைத்துவிட்டது. அன்றிலிருந்து கத்திக்கு ஆழ நிறுத்தம் வைக்காமல் நான் எந்த டயரையும் தொடுவதில்லை. ஓட்டுநர் வளைவில் திணறுகிறார் என்று சொன்னால்கூட முதலில் வெட்டுவதில்லை, காற்றைத்தான் பார்க்கிறேன்.

காற்றழுத்தத்தைப் பற்றி நம்மவர்கள் காட்டும் அலட்சியம் வியப்பூட்டுவது. காலையில் 22 டிகிரி குளிரில் 28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வைத்துவிட்டு வெயிலில் காரை நிறுத்தினால், காற்று 36 டிகிரிக்குச் சூடாகும்போது, ஓடாமல் நிற்கும் நிலையிலேயே அது ஏறக்குறைய 30 ஆகிவிடும். ஓடி முடித்த டயரில் இன்னும் கூடும். அழுத்தம் கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் உப்பித் தரையைத் தொடும். இறுகிய தரையில் கிடைக்கிற சொற்பப் பிடிப்பும் போய்விடும். மேலே நான் குறிப்பிட்ட இளைஞரின் காரில், ஓடி வந்த கையோடு அளந்தபோது 34 இருந்தது. அதற்காக அழுத்தத்தைக் கண்டபடி இறக்கவும் முடியாது. அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் கார்கள் என்னும் மண்தடப் பந்தயக் கார்களில் பின்சக்கரங்களுக்கு 10 பி.எஸ்.ஐ.யை ஒட்டியோ அதற்கும் கீழேயோ வைக்கிறார்கள் என்றால், அங்கே டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம் போல்ட்டுப் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. நம் கார்களின் சாதாரண ரிம்மில் அதைச் செய்தால், பக்கவாட்டில் சறுக்கும்போது டயர் ரிம்மை விட்டு இறங்கிவிடும். ரிம் மண்ணில் குத்திக் கார் கவிழும். நான் முன்சக்கரத்தில் 24க்குக் கீழே இறக்குவதில்லை. முன்சக்கரம் இழுக்கிற சிறிய கார்களில் திருப்புவது, இழுப்பது, பிரேக் வேலையில் பெரும்பங்கு ஆகிய எல்லாம் முன் டயரின் தலையிலேயே விழுவதால், கையில் இருப்பதில் நல்ல சோடியை முன்னால் போட்டு, பின்னால் சற்றுக் கடினமான பழைய சோடியை இரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாக வைப்பது என் வழக்கம். கார் வால் திரும்பி வளைவில் சுலபமாக நுழையும். இது என் கையனுபவம். வேறு விதமாகச் செய்து வென்றவர்களும் இருக்கிறார்கள்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச்சுவரில் உள்ள நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளம் முழுதாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிவிடும். ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டர் என்ற சிறு கருவி எங்கள் தொழிலில் உண்டு. எண் கூடக்கூட ரப்பர் கடினம் என்று காட்டும் ஷோர் ஏ அளவில் சாலை டயர்கள் பொதுவாக 60 முதல் 70 வரை காட்டும், பந்தய டயர்கள் அதற்குக் கீழே காட்டும். அதையும் நிழலில், ஒரே சூட்டில் வைத்து அளந்தால்தான் ஒப்பிட முடியும். வெயிலில் வைத்த டயர் எப்போதும் மென்மையாகத்தான் காட்டும். டயர்களை வெல்டிங் வைக்கிற இடத்திலோ மோட்டார் ஓடுகிற அறையிலோ அடுக்கக் கூடாது. அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். கோவையில் எந்த ஷெட்டில் மோட்டாரும் வெல்டிங்கும் இல்லை என்று கேட்பீர்கள். கருப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வீட்டுப் பரண்மேல் போடுங்கள்.

ரப்பரை மென்மையாக்க இரசாயனத்தில் ஊறவைக்கும் வழக்கம் இங்கேயும் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டில் பல தடங்களில் இது தடை செய்யப்பட்டது. டயரிலிருந்து துண்டு வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பிடிக்கிறார்கள். அந்த ஆவியை மூடிய அறையில் சுவாசிப்பது யாருக்கும் நல்லதன்று. அதேபோல், ரீட்ரெட் செய்த டயரை மண் பந்தயத்துக்குக் கேட்டு என்னிடம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சங்ககிரி, நாமக்கல் லாரிகள் நாடு முழுவதும் ரீட்ரெட் டயரில் ஓடுகின்றன, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நேராகச் சுமை தாங்க ஒட்டிய பட்டைக்கும், பக்கவாட்டில் இழுபட்டுச் சறுக்குகிற பட்டைக்கும் விழும் விசை ஒன்றல்ல. என் தொழிலுக்கே எதிராகச் சொல்வதால் இதை நம்பலாம்.

டயரால் பந்தயம் திசைமாறுவது நம் ஊருக்குப் புதிய செய்தியும் அன்று. 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், சாய்தளமான 13ஆம் வளைவின் சுமையை மிச்செலின் டயர்கள் தாங்கா என்று தெரிந்து, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்களே ஓடின. அவற்றில் ஒன்றை ஓட்டி நான்காம் இடம் பெற்றவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். அந்தத் தளத்தின் மேற்பரப்பு அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. உலகின் பெரிய நிறுவனமே ஒரு தரைக்கு முன் தடுமாறியிருக்கும்போது, பல்லடத்துச் செம்மண்ணில் ஒரு கல்லூரி மாணவர் தடுமாறியதில் வியப்பில்லை. 1980களிலேயே பந்தய ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதன் பந்தயக் கார்களை இங்கேயே செய்து ஓட்டவிட்ட ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரால் 2.1 கிலோமீட்டர் ஓடுதளமும் அமைந்தது. தார்த்தளத்துக்கு நாம் சேர்த்த அறிவில் பாதியைக்கூட மண்ணுக்குச் சேர்க்கவில்லை என்பது என் மனக்குறை.

இதற்குப் பந்தய அமைப்பாளர்களால் எளிதாகச் செய்யக்கூடியவை சில உண்டு. நுழைவு அறிவிப்பிலேயே தடத்தின் மண்வகையையும், எந்தெந்த நேரத்தில் தண்ணீர் அடிக்கப்படும் என்பதையும் குறிப்பிட வேண்டும். முதல் ஓட்டக்காரருக்குப் பதமான மண்ணும் கடைசி ஓட்டக்காரருக்குப் புழுதியும் கிடைப்பது போட்டியாகாது. எனவே ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் ஒரே அளவில் தண்ணீர் அடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கான பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகை டயர், அதுவும் வெட்டப்படாத டயர், ஒரு நாளைக்கு நான்கு மட்டும் என்று விதித்துவிட்டால், பணம் உள்ள வீட்டுப் பையனும் இல்லாத வீட்டுப் பையனும் ஒரே தரையில் நிற்பார்கள். ஃபார்முலா 1 பந்தயமே 2007 முதல் ஒரே நிறுவனத்தின் டயரில்தான் ஓடுகிறது. செலவைக் குறைக்க அவர்களே அந்த வழிக்கு வந்த பிறகு, நாம் தயங்குவதற்குக் காரணம் இல்லை.

உங்கள் செய்தியாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பந்தயத்துக்கு வரும்போது தோற்றவரிடம் டயர் எந்த நிறுவனத்துடையது என்று மட்டும் கேட்க வேண்டாம். புறப்படும்போது காற்று எவ்வளவு இருந்தது, ஓடி வந்ததும் எவ்வளவு இருந்தது, தடத்துக்குக் கடைசியாகத் தண்ணீர் அடித்தது எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் கேட்டு, அவற்றை நேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டயர் பட்டறைக்காரர்,
சூலூர், கோவை மாவட்டம்.